பழைய கிரீஸ்

செயின் அறுந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நாளில்தான் அந்த மெக்கானிக் எனக்குப் பழக்கம். வேலை முடிந்ததும் முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டார் மனிதர். "வீட்டுல மேலதிகாரி இருக்கா சார்" என்றார்.

மேலதிகாரி அவருடைய பத்து வயது மகள். வீட்டில் 'வாயாடி'. அப்பாவின் கை பட்ட டம்ளரைக்கூடத் தொட மாட்டாள். கிரீஸ் பட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மனசு மிரட்டும், கழுவினால்தான் அடங்கும். கழுவிக் கழுவி அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மகளைத் தூக்கி ஒரு வருடமாகியிருந்தது அவருக்கு.

"கடையை வித்துட்டு வேற பொழப்பு பாருங்க மாமா" என்றான் மைத்துனன்.

"இந்தக் கறுப்புக் கைதான்டா உங்க அக்காவுக்கும் உனக்கும் சோறு போட்டுச்சு. முடியாது, போ!"

மகளுக்கு வைத்தியம் பார்த்த மனநல டாக்டரம்மாவும் அவர் பக்கம்தான். பயத்துக்கு விட்டுக்கொடுத்தால் அது தலைமேல் ஏறி உட்காரும். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட வேண்டும்; தொட்டபின் கழுவக் கூடாது. ஏறிய பயம் தானே இறங்கும். வாயாடி அந்தப் பயத்துக்கு 'நாட்டாமை' என்று பட்டம் கட்டினாள். முதல் வாரம் ஸ்பேனரைத் தொட்டாள், அடுத்த வாரம் அப்பாவின் அழுக்குச் சட்டையை. மூன்றாவது, கிரீஸ் கை.

அன்று கடைவாசலில் மகள் நிற்கும் நிலையைப் பார்க்கப் பொறுக்காமல், புது டப்பாவை உடைத்துச் சுத்தமான கிரீஸைத் தடவிக்கொண்டு கையை நீட்டினார்.

"இது புதுசு! மஞ்சளா இருக்கு. பழசு கறுப்பா, மண்ணு நறநறங்கும். யாரை ஏமாத்துற?"

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"நீ நாட்டாமைக்கு சலாம் போடுறப்பா! போய் நிஜக் கையோட வா."

ஒரு பழைய செயினைக் கழற்றி, கையெல்லாம் கரியோடு வந்தார். வாயாடி அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பத்துக்கு எவ்வளவு பயம்?"

"பத்து. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லப்பா?"

'ஆகாதுடா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த ஆறுதலும் ஒரு சோப்புதான் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். விழுங்கினார்.

"தெரியாதும்மா. பொறுத்திருந்து பார்ப்போம்."

நாற்பது நிமிஷத்தில் பத்து, நாலானது. வாயாடி கறுத்த கையைக் காற்றில் ஆட்டினாள். "என்னய்யா நாட்டாமை, சத்தத்தையே காணோம்?"

இப்போது அவள் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நேரே கடைக்குத்தான் வருகிறாள். நாட்டாமை எப்போதாவது எட்டிப் பார்க்கிறான். கழுவாமல் காக்க வைக்கிறாள். மெக்கானிக் அதே கடையில்தான் இருக்கிறார். கை கழுவுவது ஒரே தடவை.