இன்னிக்கு என்ன மீன்?

லிஃப்டில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கேரியரிலிருந்து கடுகெண்ணெயில் பொரித்த மீன் வாசனை வந்தது. "என்ன மீன்?" என்று கேட்டுவிட்டேன். நான் மீன் தொடாதவள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எழுபதுகளில் வங்காளத்தில், லேக் மார்க்கெட் பக்கம் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். சட்டை போடுவதற்குள்ளேயே இரண்டு தடவை உட்காருவார். ஆபீஸிலிருந்து படியேறி வந்தால் இரண்டாம் மாடியில் மூச்சு முட்டிவிடும். அங்கே குடியிருந்த வங்காளிப் பெரியம்மா, மாஷிமா என்று கூப்பிடுவோம், வாசலில் ஒரு பிரம்பு மோடா போட்டு வைத்திருப்பார். வெங்காயம்கூடச் சாப்பிடாத அப்பா அதில் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன மீன்?" என்று வங்காளியில் கேட்பார்.

"கேள்வி மூணு வார்த்தை, பதில் பத்து நிமிஷம். அதுக்குள்ள மூச்சு வாங்கிக்கலாம்டி" என்பார் என்னிடம்.

மாஷிமா இலிஷ் மீனை நறுக்குவதிலிருந்து சொல்லத் தொடங்குவார். கடுகு அரைபட்டு, குழம்பு கொதித்து இறங்கும். சில நாள் கூடவே இறாலும் வரும். அப்பா தலையாட்டிக்கொண்டே எழுந்து மேலே வருவார்.

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து, மாஷிமாவிடம் அந்தத் தந்திரத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"தெரியும்மா. பாதி நாள் எங்க வீட்டுல வெறும் பருப்புதான். உங்கப்பாவுக்கு மூச்சு சரியாகற வரைக்கும் வாயாலேயே மீன் சமைச்சிட்டிருப்பேன்."