பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பிடியரிசி டப்பா

எழுதப் போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வது என் பழக்கம். இல்லாவிட்டால் பாதியில் எதையாவது விட்டுவிடுவேன்.

1. ஏன் போனேன், ஏன் மூன்று மாதம் தாமதித்தேன்.
2. நாகர்கோவிலிலிருந்து போகும் வழி.
3. துக்க வீட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அது அவர்களுக்குச் சுமை.
4. பிடியரிசி.
5. இதுபோன்ற பயணம் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

தங்கையனும் நானும் ஒரே பள்ளியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் வரலாறு. ஓய்வு பெற்றதும் அவர் கேரள எல்லையில் பாறசாலைக்கு அருகில் வெள்ளறடை போகும் வழியில் உள்ள தன் ஊருக்கே போய்விட்டார். நான்கு மாதம் முன்பு அவர் மனைவி லீலாபாய் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போக நான் நாகர்கோவில் ரயில் நிலையம்வரை வந்தேன். டிக்கெட்டும் எடுத்தேன். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ரயில் வந்தது, போனது. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதன் பிறகு தொலைபேசியில் அழைக்கவும் துணிவில்லை. நாற்பது வருட நட்பை என் கோழைத்தனத்தால் முடித்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை எப்படியோ கிளம்பினேன். ஆறுதலான பன்னிரண்டு பைபிள் வசனங்களை ஒரு முழுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கையில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம். பாசஞ்சர் 6.50க்கு நகர்ந்தது, சரியாக 8.00க்குப் பாறசாலையில் இறக்கிவிட்டது. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய். உட்கார இடம் கிடைத்தது. குழித்துறை தாண்டியதும் தாளை எடுத்து இன்னொரு முறை படித்துக்கொண்டேன்.

நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரரிடம் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் வழி சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சார் தமிழே பேசும். இங்க எல்லாருக்கும் மனசிலாவும்.”

தங்கையன் பெயரைச் சொன்னதும் தலையாட்டினார். “கணக்கு சாருக்க வீடா? அந்த அம்மா போன பெறவு சாரு வெளிய எறங்குறதே இல்லயாக்கும். சந்தைக்குக்கூட வரல்ல.”

ஐந்து கிலோமீட்டர், நூறு ரூபாய். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் பத்து நிமிடம் நடக்க வேண்டும்.

8.20க்கு அவர் வீட்டு முற்றத்தில் நின்றேன். தங்கையன் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். “வா” என்றார். பால் இல்லாத கட்டன் சாயா போட்டுத் தந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். அப்படியே குடித்தேன். சற்று நேரம் கழித்துத் தாளை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழ்வரை வாசித்தார்.

“இதுல ஒம்பது வசனம் போதகரு சொல்லியாச்சு. மிச்சம் மூணையும் கொழுந்தியா சொன்னா” என்று திருப்பித் தந்தார். “பழம் கொண்டுவந்தியே, அது கொள்ளாம், நல்ல காரியம்.”

8.50 ஆனதும் நான் எழுந்தேன். அரை மணி ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் சபையிலிருந்து இரண்டு பெண்கள் சாக்குப் பையோடு முற்றத்தில் ஏறினார்கள்.

இந்தப் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோறு பொங்க அரிசி எடுக்கும்போது முதல் பிடியை ஆண்டவருக்கென்று தனி டப்பாவில் போடுவார்கள். மாதம் ஒரு முறை பெண்கள் வந்து வாங்கிப்போவார்கள். அது வறுமைப்பட்ட வீடுகளுக்குப் போகும்.

“பிடியரிசி உண்டா மாமா?”

“அடுத்த மாசம் தாறேன் மக்களே.”

“மூணு மாசமா இதத்தானே சொல்லுதிய? வண்டு கேறிப்போவும்.”

“கேறட்டு.”

மூத்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நாங்க மேல உள்ள வீடுகளுக்குப் போயிட்டு இது வழியாத்தான் வருவோம்” என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

தங்கையன் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துத் திறந்தார். மேலே வெள்ளை ரேஷன் அரிசி. அவர் கையால் ஓர் இடத்தில் ஒதுக்கிக் காட்டினார். அடியில் சிவப்பு மட்டை அரிசி.

“கீழ உள்ளது அவ போட்டது. மட்டை அரிசி வேக வைக்க எனக்குத் தெரியாது, அதனால ரேஷன் அரிசி பொங்குதேன். அவ போட்ட மாதிரி தினமும் ஒரு பிடி போடுதேன். ஆனா குடுக்க மனசு வரல்ல. அது அவளுக்க கையாக்கும்.”

வெள்ளையிலும் சிவப்பிலும் வண்டுகள் ஊர்ந்தன. பன்னிரண்டு வசனங்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. “முறம் உண்டா?” என்று கேட்டேன்.

முற்றத்தில் பாய் விரித்து, வெயிலில் டப்பாவைக் கவிழ்த்தோம். சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகக் கலந்தன. தங்கையன் ஒரு சிவப்பு மணியை விரலால் தனியே நகர்த்திப் பார்த்தார்.

“இனி பிரிக்க ஒக்காது” என்றார்.

பிறகு இருவரும் பாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வண்டு பொறுக்கினோம். எனக்குக் கண் சரியில்லை. கறுத்துப்போன அரிசியையும் வண்டென்று எடுத்துப் போட்டேன். “எலே, அது வண்டு இல்ல. வரலாறு படிப்பிச்சவனுக்கு இதுவும் தெரியாதா?” என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தப் பழைய கேலிக் குரலைக் கேட்டேன்.

அந்தத் துணிவில் சொல்லிவிட்டேன். அடக்கத்துக்குக் கிளம்பியதையும், டிக்கெட்டோடு திரும்பியதையும், சொல்ல ஒன்றும் தெரியாமல் பயந்ததையும். அவர் கை நிற்கவில்லை.

“வந்தவங்க எல்லாம் பேசினாங்க மக்கா. பேசாத ஒரு ஆளு பக்கத்துல இருந்தா கொள்ளாமேன்னு இருந்துது. ஒன்னத்தான் தேடினேன்.”

நான் குனிந்து அடுத்த வண்டைத் தேடினேன்.

பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் திரும்பி வந்தார்கள். பாயின் மூலையில் ஒட்டியிருந்த கடைசி அரிசியை அள்ள என் வசனத் தாள்தான் உதவியது. தங்கையன் தன் கையாலேயே அவர்கள் பையில் கொட்டினார். பிறகு ஒரு பிடி அளவுக்குத் திரும்ப எடுத்து, காலி டப்பாவில் போட்டு மூடினார். “இதுக்கு மேல போட்டுக்கிட்டு வாறேன். அடுத்த மாசம் வாங்க.” என்னைப் பார்த்து, “நீ ஜெபம் பண்ணு” என்றார்.

நான் பிறர் முன் சத்தமாக ஜெபித்தவன் அல்லன். லீலாபாய்க்காக நன்றி சொன்னேன், அரிசிக்காக நன்றி சொன்னேன், தங்கையனுக்காகச் சொல்லத் தொடங்கி அவர் பெயரோடு நின்றுவிட்டேன். அந்தப் பெண்களே ஆமென் சொல்லி முடித்துவைத்தார்கள்.

கஞ்சியும் பயறும் சாப்பிட்டு 3.10 பஸ்ஸில் கிளம்பினேன். நிறுத்தம்வரை தங்கையனும் இறங்கி வந்தார்.

போகிறவர்களுக்கு: சில்லறை வைத்திருங்கள். மதியம் பாசஞ்சருக்காகக் காத்திருப்பதைவிடக் களியக்காவிளை போய் பஸ் பிடிப்பது எளிது. குடை அவசியம். மலையாளம் தெரியாதென்று பயப்பட வேண்டாம்.

கடைசியாக, மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன், ஏனென்றால் அன்று 8.50க்கு நான் அதை நம்பித்தான் எழுந்தேன். அந்தப் பெண்கள் ஐந்து நிமிடம் தாமதித்து வந்திருந்தால் நான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருப்பேன். தங்கையனும் “அடுத்த மாசம்” என்று சொல்லிவிட்டு, அந்த டப்பாவோடு தனியாக இருந்திருப்பார்.