தொட்டிக்குள் கேட்ட ‘டக்’

இன்றைக்கும் எங்கேயாவது ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் என் வலது கால் தானாகத் தரையை விட்டு எழும்பிவிடும். வகுப்பில் பிள்ளைகள் பேனா மூடியைத் தட்டினாலும் அப்படித்தான். நான் கணக்கு டீச்சர். கரும்பலகை முன்னால் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

எல்லாவற்றுக்கும் காரணம் என் வீட்டுக்காரர். டயர் கடையில் பில் போடுகிற மனிதர். ராத்திரி பகலாக வீடியோ பார்த்து, வீட்டையே போனுக்குள் கொண்டுவரப்போகிறேன் என்று கிளம்பினார். டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் ஒரு பச்சைப் பலகையை வாங்கி வந்தார். அதில் நாலு நீலப் பெட்டிகள், ஒவ்வொன்றும் பாதித் தீப்பெட்டி அளவு. அதற்குப் பெயர் ரிலே. வேறொன்றுமில்லை, நாம் விரலால் சுவிட்சைத் தட்டுகிறோமே, அந்த வேலையை நமக்குப் பதிலாக அது செய்யும். போனில் தொட்டால் வைஃபை வழியாக அதற்குச் சேதி போகும். ‘டக்’ என்றால் ஃபேன் ஓடும். இன்னொரு ‘டக்’ என்றால் நிற்கும்.

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கே அது அதிசயமாகிவிட்டது. சமயநல்லூரிலிருந்து என் தம்பி வந்தால் இவருக்குத் தலைகால் புரியாது. “மாப்ள, அந்த லைட்டையே பாருங்க” என்பார். லைட் எரியும். “இப்பப் பாருங்க” என்பார். அணையும். என் தம்பியும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். பிறந்ததிலிருந்து லைட்டையே பார்க்காதவன் போல.

என் மாமியாரிடம் இருந்தது பட்டன் போன். ஒருநாள் மத்தியானம் அத்தை ஹாலில் படுத்திருந்தபோது ஃபேன் தானாக நின்றுவிட்டது. கடையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் சும்மா ஓடுகிறதே என்று மகன் அணைத்திருக்கிறார். அத்தை அவருக்குப் போன் போட்டு, “ஏப்பா, நான் காத்து வாங்குறதுக்கு ஒங்கிட்ட லீவு லெட்டரா எழுதிக் குடுக்கணும்?” என்று கேட்டது. நான் சிரித்துவிட்டேன். அதுவரைக்கும் இந்த ரிலே எங்களுக்கு ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

அந்த ஜோரில் மோட்டாரிலும் கை வைத்தார். வாசல் பக்கம், தரைத்தொட்டி மூடிக்கு நேர் மேலே, சுவரில் ஒரு இரும்புப் பெட்டி சுவிட்ச் இருந்தது. பக்கவாட்டில் கைப்பிடி. மேலே தூக்கினால் தொட்டிக்குள் இருக்கிற மோட்டார் ஓடும், கீழே இறக்கினால் நிற்கும். “பார்க்கவே அசிங்கமா இருக்கு” என்று அதைக் கழற்றிவிட்டார். அந்த இடத்தில் எங்கள் மகளின் பழைய டிபன் டப்பாவைத் திருகி, அதற்குள் ரிலே பலகையை வைத்து மூடினார். டப்பாவின் மேல் ஒரு முயல் சிரித்துக்கொண்டிருக்கும். இனி மோட்டாரைப் போட அந்த முயலும் போனும்தான்.

எங்கள் பக்கத்தில் மாதத்துக்கு ஒருநாள், பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். தெருவில் எல்லா வீட்டுக்கும் அதுதான் தொட்டி கழுவுகிற நாள். கரண்ட் இல்லாத நாளில் தொட்டியில் இறங்க என்ன பயம்? காலையில் கரண்ட் போகிற கடைசி நிமிஷம் வரை மோட்டாரை ஓட விட்டு, மேல்தொட்டியை நிரப்பிக்கொள்வோம். தரைத்தொட்டி பெரும்பாலும் வற்றிவிடும். கரண்ட் போனதும், மோட்டாரின் இரைச்சல் அடங்கிய அடுத்த நொடியே, யாராவது ஒருவர் கை போய்ச் சுவிட்சை இறக்கிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல அது பாட்டுக்கு நடக்கும்.

நாங்கள் இருவரும் லீவு போட்டிருந்த அன்றைக்கும் கரண்ட் போனது. மோட்டார் அடங்கியது. இவர் போனை எடுத்து மோட்டார் படத்தைத் தொட்டார். ஆஃப் என்று வந்தது. எனக்கும் காட்டினார். “ஆஃப் பண்ணியாச்சு. எறங்கு” என்றார்.

இறங்குவது எப்போதும் நான்தான். எங்கள் தொட்டியின் வாய் சின்னது, இவருடைய தொந்தி பெரியது. கல்யாணமான புதிதில் இவரும் இறங்கியிருக்கிறார், அப்போது இரண்டும் ஒத்துப்போயின. அலுமினிய ஏணியை இறக்கி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் தேங்காய் நார் பிரஷையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அடியில் முழங்காலுக்குக் கீழே வரை கலங்கல் தண்ணீர். இவர் மேலே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நைலான் கயிற்றில் வாளியை விட, நான் மொண்டு மொண்டு அனுப்பினேன். மோட்டாருக்கு அடியிலும் தேய்க்க வேண்டும் என்று அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து மூலைக்கு நகர்த்தினேன். அதன் வயரில் ஒரு ஒட்டு உண்டு. டேப் சுற்றி, எப்போதும் மேலே ஒரு ஆணியில் மாட்டியிருக்கும். மோட்டாரை நகர்த்தியதில் அது ஆணியிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. விழுந்தால் விழட்டும், அதுதான் கரண்ட் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

பிறகு சுவரின் மேல்பக்கம் தேய்ப்பதற்காக ஸ்டூல் மேல் ஏறினேன். பாசி வழுக்கிக்கொண்டு வந்தது. முடித்துவிட்டு, இடது கையைச் சுவரில் ஊன்றி, வலது காலைக் கீழே இறக்கப்போனேன்.

அப்போது தெருவில் பிள்ளைகள் “ஹேய்ய்ய்!” என்று கத்தினார்கள். மதுரையில் அந்தச் சத்தத்துக்கு விளக்கமே வேண்டாம். கரண்ட் வந்துவிட்டது. சாயங்காலம்தான் வரும் என்று நாங்கள் நம்பியிருந்த கரண்ட், மத்தியானச் சோற்றுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், மோட்டார்தான் ஆஃபில் இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் தலைக்கு மேலே, முயல் டப்பாவுக்குள், ‘டக்’.

மூலையில் மோட்டார் உறுமியது. என் பெருவிரல் தண்ணீரில் பட்டது.

கடித்தது என்று சொல்வதா, உதைத்தது என்று சொல்வதா, இன்னமும் எனக்குத் தெரியவில்லை. கால் என்னைக் கேட்காமலே தொடை வரை சுருண்டு மேலே வந்துவிட்டது. சுவரில் இருந்த கையும் தெறித்து விலகியது. ஸ்டூல் ஆடியது. நான் எதையும் பிடிக்காமல் அதன் மேல் குந்திவிட்டேன். சுவரும் ஈரம், கீழே முழுக்கத் தண்ணீர். ஏணியோ அலுமினியம், அதன் காலும் அதே தண்ணீருக்குள். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றுதான் எனக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது. அதிலும் ஒரு கால் பாசியில் லேசாக நகர்ந்துகொண்டிருந்தது.

“மோட்டார் ஓடுது! தண்ணில கரண்ட்டு! ஏணியத் தொடாதீங்க!” என்று கத்தினேன்.

ஏணியைப் பிடிக்க நீட்டிய கையை இவர் இழுத்துக்கொண்டார். அந்த மட்டில் சரி. அடுத்து என்ன செய்தார் தெரியுமா? போனை எடுத்தார். எடுத்து ஆஃப் அமுக்கினார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி அமுக்கினார்.

“என்னங்க பண்றீங்க?”

“இரு இரு, கனெக்ட் ஆகுது...”

“மெயினப் போய் ஆஃப் பண்ணுங்க!”

“இந்தா, சுத்திக்கிட்டு இருக்கு, இப்ப ஆயிரும்...”

எனக்கு அப்போது வந்த கோபம் என் ஆயுளில் வந்ததில்லை. நான் சாகப்போகிறேன், என் புருஷன் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறார். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் கூட்டம் நிற்கும் என்று தோன்றியது. அவள் பையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கூட்டத்துக்குள் நுழைவாளே என்று தோன்றியது. அழுகை வரவில்லை. அழுதால் உடம்பு ஆடும், ஸ்டூல் சாயும் என்று அதையும் அடக்கினேன்.

இவர் மறுபடி அவசரமாக அமுக்கியதில் போன் நழுவியது. என் தோளை உரசிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

அடியில் போய்த் திரை மேல்பக்கமாகக் கிடந்தது. உடனே அணைந்துவிடவில்லை. கலங்கலுக்குள் பளிச்சென்று எரிந்தது. மோட்டார் படமும், அதன் பக்கத்தில் ஆஃப் என்ற எழுத்தும் எனக்குத் தெரிந்தன. அதற்கு ஒரு முழம் தள்ளி நிஜ மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

கையிலிருந்து போன் போன பிறகுதான் இவருக்குக் கால் இருப்பது ஞாபகம் வந்தது. எழுந்து ஓடினார். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மீட்டர் பெட்டியின் கதவு படாரென்று அடிக்கிற சத்தம் கேட்டது. மோட்டார் அடங்கியது.

“ஆஃப் பண்ணிட்டேன், வா! ஏறி வா!” என்று மூச்சிரைக்கக் கத்திக்கொண்டு வந்தார்.

நான் அசையவில்லை. இதே வாய்தான் காலையிலும் ஆஃப் என்று சொன்னது. தண்ணீரைப் பார்த்தேன். அதில் கரண்ட் இருந்தபோதும் இப்படித்தான் இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. எதை நம்பிக் காலை வைப்பது? இவர் கெஞ்சினார். எனக்குக் காலே நீளவில்லை. கடைசியில் கேட்டுப் பக்கமிருந்து அத்தையின் குரல் கேட்டது. “மெயின் கைப்பிடிய நான் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்த்தா. ஒருத்தனையும் அண்ட விடமாட்டேன். நீ மெதுவா ஏறி வா.”

அந்தக் குரலுக்குத்தான் காலை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மேலே வந்து சிமெண்டுத் தரையில் உட்கார்ந்த பிறகு பல் கிட்டிக்கொண்டது. வெயில் கொளுத்துகிறது, எனக்கோ குளிருகிறது. இவர் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டு, “போன்ல ஆஃப்னுதான காட்டுச்சு, நீயும்தான பார்த்த” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நடந்தது என்ன என்பதைச் சாயங்காலம் இவரே பிட்டுப்பிட்டு வைத்தார். கரண்ட் போனபோது வைஃபை பெட்டியும் சேர்ந்து செத்துவிட்டது. இவர் ஆஃப் என்று தொட்டது போனோடு நின்றுவிட்டது, ரிலேக்குப் போய்ச் சேரவே இல்லை. கரண்ட் போகும்போது எது எது ஓடியதோ, கரண்ட் வந்ததும் அது அதைத் திரும்ப ஓட்டு என்று அந்தப் பலகைக்கு இவர்தான் சொல்லி வைத்திருந்தார், அத்தையின் ஃபேன் நின்றுபோகக் கூடாதே என்று. பலகை சொன்ன சொல் தவறவில்லை. மோட்டாரையும் சேர்த்து ஓட்டிவிட்டது.

அன்று பொழுது சாய்ந்தபோது தெரு முழுக்க விளக்கு எரிந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டு. அந்த மெயினைத் தூக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, “என்ன, ஒங்க வீட்டுக்கு மட்டும் இன்னும் கரண்ட் வரலையா?” என்று கேட்டது.

“வந்துருச்சு. வந்ததுனாலதான் அணைச்சு வச்சுருக்கோம்” என்றது அத்தை.

மகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதினாள். அவளிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இவர் எழுந்து போய் முயல் டப்பாவைச் சுவரிலிருந்து பிய்த்து, வயர்களை ஒவ்வொன்றாக வெட்டி, முனைகளுக்கு டேப் சுற்றினார். பிறகு மெயின் பக்கம் போனார். கைப்பிடியில் கை வைத்தவர் தூக்கவில்லை. திரும்பி, “நீ எங்க இருக்க?” என்று கேட்டார்.

அவருக்கு எதிரே, வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தேன். “இந்தா, இங்கதான் இருக்கேன்.”

“மேலதான இருக்க?”

“மேலதான் இருக்கேன்.”

அதன் பிறகுதான் தூக்கினார்.

பழைய இரும்புப் பெட்டி மறுபடியும் சுவருக்கு வந்துவிட்டது. வயர் ஒட்டையும் மாற்றியாயிற்று. தினமும் காலையில் மோட்டாரை இவர்தான் போடுகிறார். போடுவதற்கு முன்னால், “எங்க இருக்க?” என்று ஒரு குரல் கொடுக்கிறார். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருப்பேன், ஜன்னல் வழியாக அவருக்கு என்னைத் தெரியும். தெரிந்தாலும் கேட்பார். சில நாள் எரிச்சலில் பதில் சொல்லாமல் இருந்து பார்ப்பேன். கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். “மேலதான் இருக்கேன்” என்று என் வாயால் சொன்னால்தான் அந்தக் கை நகரும்.