கேபிளில் மட்டும் ஒரு பாட்டு

போன மாதம் புது ரீவி ஒன்று வாங்கினேன். இன்ரநெற்றும் படமும் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிற வகை. கேபிள் வயரை எங்கே செருகுவது என்று கேட்டதற்குக் கடைப் பெடியன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணை, உங்களுக்கு என்ன வயசு?" என்றான். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. என்னைத் தவிரப் பார்க்க யாருமில்லாத அறையில் அதைக் கொண்டுவந்து பொருத்திப் போட்டதும், பின்பக்கத்திலிருந்து சூடேறிய பிளாஸ்ரிக் மணம் வந்தது. மணங்கள் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியுந்தானே. ரிமோட்டும் கையுமாக நின்றவன் நேரே நல்லூரில் ஒரு மேல்மாடி அறைக்குப் போய்விட்டேன்.

அந்த அறைதான் எங்கள் கேபிள் நிலையம். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில் அங்கே அறிவிப்பாளனாகச் சேர்ந்தேன். ஏசி பழுது. கீழே ரியூஷன் நடக்கும். யன்னலைத் திறந்தால் பௌதிகப் பாடம் உள்ளே வரும், சாத்தினால் வேர்க்கும். வேர்வையில் என் பவுடர் கரைய, "அந்தத் தம்பி ஏன் அழுகுது?" என்று கேட்டு ஆட்கள் போன் எடுத்திருக்கிறார்கள்.

மாலையில் விருப்பப் பாட்டு நிகழ்ச்சி. போன் எடுப்பவர்கள் பாட்டைச் சொல்வதைவிடப் பெயர்களைச் சொல்லத்தான் நேரம் எடுப்பார்கள். லண்டன் மாமா, சுவிஸ் சித்தி, பக்கத்து வீட்டுக் குழந்தை. ஒரு பெயரை விட்டுவிட்டால் அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் என்னைப் பிடித்துச் சண்டைக்கு வருவார்கள்.

குருநகர் ஜெசிந்தா அன்ரி தவறாமல் எடுப்பார். மீன் சந்தையில் விற்பவர். ஒரே பாட்டு, ஒரே பெயர்: பிரான்சில் இருக்கும் மகன் ரெஜி. இங்கே இருந்தபோது அவன் கிழிந்த வலை பொத்திக்கொண்டே கேட்கிற பாட்டாம். பிரான்ஸ் போனபின் அவன் அழைப்பது குறைந்து குறைந்து, நின்றே விட்டிருந்தது. எங்கள் கேபிளோ ஊரோரத்துப் பண்ணைப் பாலத்தைக்கூடத் தாண்டாது. பாட்டு ஓடும்போது லைனிலேயே நின்று அன்ரி கதைப்பார்.

"சந்தையிலை பெண்டுகள் ஒரே பகிடி, தம்பி. உன்ரை மோன் பாட்டைக் கேட்டு அழுதவனாமோ எண்டு கேக்கிறாளவை. நான் சொல்லிப்போட்டன், உது அங்கை தெரியாதடி, தெரிஞ்சா அவன் உடனை போன் எடுப்பான் எண்டு."

எனக்கு அது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகத்தான் பட்டது.

கேபிளில் போவதை அப்படியே நெற்றிலும் நேரலையாக விடலாம் என்று முதலாளியை அரித்து எடுத்தேன். கமரா பிடிக்கும் கண்ணன் அண்ணை சிரித்தார். "பாலம் தாண்டாதவன் பாரிசுக்குப் போறானாம்." ஆனாலும் போனோம். முதல் மாலை திரையோரத்தில் ரொறன்ரோ, ஒஸ்லோ என்று எங்கெங்கோ இருந்து பார்ப்பவர்களின் பெயர்கள் ஏறி வர, எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

அன்ரி எடுத்தார். "அப்ப, பிரான்சிலையும் தெரியுமோ?"

"ஓம் அன்ரி. அவருக்கு லிங்கை அனுப்பிவிடுங்கோ."

"பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு அனுப்பிப்போட்டன். பாத்திட்டானாம், வட்ஸ்அப்பிலை ரெண்டு சரியும் நீலமாக் காட்டுதாம். இப்ப நிக்கிறானோ?"

பெயர்களை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன். ரெஜி இல்லை. "வேலையா இருப்பார்."

"ஓம், வேலைதான்."

அடுத்தடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். பிறகு ஒரு நாள், நிகழ்ச்சி தொடங்க முதலே எடுத்தார்.

"தம்பி, உந்தப் பாட்டை நெற்றிலை விடாமல் கேபிளிலை மட்டும் போட ஏலாதோ?"

இரண்டும் ஒரே கொம்பியூட்டரால்தான் போகின்றன என்று உற்சாகமாக விளக்கத் தொடங்கிவிட்டேன். அன்ரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏன் அன்ரி?"

"சும்மா. முந்தியெண்டா அவனுக்குத் தெரியாது எண்டு இருந்தது. இப்ப சந்தையிலை கேக்கிறாளவை, என்னத்தைச் சொல்ல? சரி, வைக்கிறன் மோனை."

அடுத்த நாள் கண்ணன் அண்ணையிடம் சொல்லி, அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நெற்றை நிறுத்தினோம். அன்ரி எடுக்காமலே அவர் பெயரையும் ரெஜியின் பெயரையும் வாசித்தேன். பாட்டு முடியுமுன் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். கனடாவிலிருந்து ஒருவர், படம் நின்றுவிட்டதென்று ஏசினார். அன்ரி அன்று எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை.

இப்போது அந்த நிலையம் நெற்றில் மட்டும்தான் இருக்கிறது. மின்கம்பங்களிலிருந்து வயரை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாலத்தோடு நின்றுவிடுகிற ரீவி என்று ஒன்றும் ஊரில் இல்லை. எல்லாம் எல்லா இடத்திலும் தெரிகிறது. சந்தையில் யாராவது ரெஜியைப் பற்றிக் கேட்டால் ஜெசிந்தா அன்ரி என்ன சொல்கிறாரோ, எனக்குத் தெரியாது.