அரைக்கட்டை இறக்கம்

லானி டாக்கெட் கென்டக்கி மலைப்பக்கத்திலிருந்து நாஷ்வில்லுக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஊரில் பாப்டிஸ்ட் சபையில் பன்னிரண்டு வருஷம் பியானோ வாசித்தவர். ஒருமுறை கேட்டால் போதும், பாட்டு கைக்கு வந்துவிடும். ஆனால் அந்தச் சபை ஜி, சி, எஃப் என்ற மூன்று சுதியைத் தாண்டியதில்லை. அவர் விரலும் தாண்டியதில்லை.

இங்கே ஸ்டுடியோவில் கார்ட் என்கிற சுரக்கூட்டுகளுக்கு எண்தான் எழுதுவோம். ஜி சுதி என்றால் ஜி ஒன்று, சி நாலு, டி ஐந்து. சுதி மாறினாலும் தாள் மாறாது. ஒன்று நகர்ந்தால் மற்றவையும் கூடவே நகரும். லானியோ ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே எழுத்தை எழுதிக்கொண்டிருந்தார். பேஸ் கிடார்காரனான நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"எழுத்து வேணாம் லானி. எண்ணை விரல்ல ஏத்துங்க."

"இன்னைக்கு மட்டும் ஒப்பேத்திடறேன் அண்ணே. இது தேறினா மாசம் பூரா வேலை தர்றாங்களாம். ஓப்பல் சட்டைக்குக் கஞ்சியெல்லாம் போட்டு அனுப்பியிருக்கா."

ஓப்பல் அவர் மனைவி. லானி அந்த எழுத்துகளை எழுதியது என் பென்சிலில்தான். கொடுத்திருக்கவே கூடாது.

ஒத்திகையில் ஜி சுதியில் அவர் வாசித்த வாசிப்புக்கு டிரம்ஸ்காரரே திரும்பிப் பார்த்தார். பிறகு பாடகி தொண்டையைத் தடவிக்கொண்டு, "அரைக்கட்டை இறக்கிக்கலாமா?" என்றாள். எல்லோரும் தலையாட்டினோம். பதிவு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. இனி யாரும் பேச முடியாது.

தாளில் அவர் எழுதிய எழுத்து ஒன்றுகூட இனி உதவாது. விரல் போக வேண்டியது பெரும்பாலும் சபையில் அவர் அதிகம் தொடாத கறுப்புக் கட்டைகளுக்கு. கிடைத்த இடைவெளியில் நாலு விரலைக் காட்டினேன். நாலு என்று அவருக்குப் புரிந்தது. அந்த நாலு எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

ஒலிபெருக்கியில் தயாரிப்பாளர் குரல் வந்தது. "பிரமாதம். வாசிக்காம விட்டீங்க பாருங்க லானி, அதுதான் பாட்டைத் தூக்கிடுச்சு. அடுத்ததுக்கும் பியானோ வேணாம். நீங்க கிளம்பலாம்."

அவருக்கு இந்தச் சுதி தெரியாது என்று நான் சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

"சரிங்க," என்றார் லானி. என் பென்சிலை மறக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த பாட்டு ஜி சுதி. பாடகி அதை இறக்கவே இல்லை.