விலக்குப் பட்டியல்

எங்கள் வரி அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் விலக்கு ஐயா. வரிவிலக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம், ஒரே நாற்காலி. கணவனை இழந்தவர்கள், கை கால் முடியாதவர்கள், தீயில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் என்று யார் விண்ணப்பம் கொண்டுவந்தாலும் விசாரித்து, தகுதி இருந்தால் விலக்குப் பட்டியலில் பெயர் சேர்ப்பது அவர் வேலை. அதைத் தட்டச்சு செய்வது என் வேலை. "உங்க பேரு விலக்குல ஏறிடுச்சும்மா" என்று அவர் சொன்னதும் எதிரில் நிற்பவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. அவரோ ஓர் எண்ணை எழுதினால் இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை சரிபார்ப்பார். அதற்குள் நான் தேநீர் குடித்துவிட்டு வந்து, "என்னண்ணே, நம்பருக்கு ஜாதகம் பாக்கறீங்களா?" என்பேன். கோபம் வராது. "அவசரத்துல போட்ட கையெழுத்து ஆயுசுக்கும் நிக்கும்மா" என்பார். முப்பத்தொரு வருடத்தில் அவர் பட்டியலில் ஒரு பிழைகூட வந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவர் மனைவிக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, பக்கவாதம் வந்தது. கை தேறியது, நடையும் ஓரளவு திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது புரிகிறது, சிரிக்கிறார், முறைக்கிறார், வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அண்ணி பேசிக் கேட்டவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை புரியும். அண்ணன் ஒரு வாக்கியம் சொன்னால் அண்ணி பத்து சொல்வார். அண்ணன் எதையாவது நினைத்து மறுகிக்கொண்டிருந்தால், "விடுங்க, அதுக்கு இப்ப என்ன" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அந்த 'விடுங்க'தான் அவரைத் தாங்கிப் பிடித்தது என்று நான் நினைக்கிறேன்.

எட்டு மாதம் காத்திருந்து ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும், மாலை நான்கிலிருந்து நான்கரை வரை, டேப்லெட்டில் முகம் பார்த்துப் பயிற்சி. முதல் வருடத்தை வீணாக்கக் கூடாது, பேச்சு திரும்புவதென்றால் இப்போதுதான் திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நிலையத்துக்கு ஒரு விதி உண்டு. தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராவிட்டால் பெயர் எடுக்கப்படும், மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சி தருகிற பெண்ணின் முகம் திரையில் வாய் திறந்தபடியே உறைந்து நின்றுவிட்டது. அண்ணியும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாராம். அரைமணி நேரம் அப்படியே போயிற்று. வராத கணக்கில் அது முதல் வகுப்பு.

கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் காரணம் சொன்னார். "இந்தக் கட்டடத்துல எல்லா ரவுட்டரும் ஒரே சேனல்ல நின்னு முட்டிக்குது சார். யாராவது உங்க வைஃபையில ஓசியில தொங்கறாங்களோ என்னவோ. அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்குள்ள போய்ப் பாருங்க." சொன்னவர் கூடப் போய்ப் பார்த்துக் கொடுத்திருக்கலாம். ஊருக்கு உபதேசம் சொல்ல மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் அண்ணன் ரவுட்டர் பற்றிய காணொளிகளாகப் பார்த்தார். வைஃபை திக்கித் திக்கி ஓடியதால் போனிலிருந்த டேட்டாவில் பார்த்தார். அன்றைய டேட்டா மதியத்துக்குள் தீர்ந்தது. தீர்ந்தால் என்ன, பாடம்தான் படித்தாயிற்றே என்று போனை வைஃபையில் இணைத்து, இரண்டரை மணிக்கு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தார். முதல் வேலையாக மொழியைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் இருந்தால் தப்பு வராது என்பது அவர் நம்பிக்கை.

சேனலைத் தானியங்கியிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினார். அலையின் வலுவை முழுமைக்கு ஏற்றினார். இதுவரை பழுதில்லை. அடுத்த பக்கத்தில் சாதனக் கட்டுப்பாடு என்று இருந்தது. அதற்குள் இரண்டு பட்டியல்கள். ஒன்று அனுமதிப் பட்டியல், மற்றொன்று விலக்குப் பட்டியல்.

அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டதாம். எங்கேயோ கண்காணாத இடத்தில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னார். அனுமதி என்பது யாரும் விண்ணப்பித்து வாங்கக்கூடியது. விலக்கு அப்படியா? விலக்கில் இருப்பவருக்கு வரிசை கிடையாது, தடை கிடையாது, கேள்வி கிடையாது. கட்டடமே ஓசியில் தொங்கினாலும் அண்ணியின் டேப்லெட்டுக்குத் தனி வழி கிடைத்துவிடும்.

ஒவ்வொரு சாதனத்துக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் உண்டு. டேப்லெட்டினுடையதைத் தேடி எடுத்து, தாளில் எழுதி, இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை சரிபார்த்து, விலக்குப் பட்டியலில் சேர்த்தார். அதற்கடுத்து, கொஞ்சம் கூச்சத்தோடு, தன் போனையும் சேர்த்தார். சேமி என்பதை அழுத்தினார். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எரிந்தது. அவ்வளவுதான். போனுக்கும் இணைப்பு போயிற்று, டேப்லெட்டுக்கும் போயிற்று. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதிலும் அவர் ஓர் எழுத்துப்பிழை விடவில்லை.

உதவி எண்ணுக்குப் போட்டார். இருபது நிமிடம் இசை கேட்டபின் ஒரு பெண் கிடைத்தாள்.

"விலக்குனா உள்ள விடாதேன்னு அர்த்தம் ஐயா. அந்தப் பக்கத்தைத் திறந்து உங்க போனை எடுத்துடுங்க."

"பக்கம் திறக்கலையேம்மா."

"உங்க போன் விலக்குல இருக்கில்ல, அதான் திறக்கலை."

"அப்ப எப்படி எடுக்கறது?"

"திறந்துதான் ஐயா எடுக்கணும்."

வேறு வழியும் இருந்தது. ரவுட்டரின் முதுகில் இருக்கும் சின்னத் துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் எல்லாம் அழிந்து புதிதாகிவிடும். ஆனால் அதன்பிறகு இணைப்பின் கடவுச்சொல்லைப் போட வேண்டும். அது இணைப்புக் கொடுக்க வந்த ஆள் எழுதித் தந்த தாளில் இருந்தது. வீட்டுத் தாள்களை எங்கே வைத்தோம் என்பது அண்ணிக்குத்தான் தெரியும். அண்ணன் கேட்டார். அண்ணி கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், அலமாரியைக் காட்டினார், இல்லை என்று தலையசைத்தார், கட்டிலைக் காட்டினார், கடைசியில் ஆத்திரத்தில் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டார். "ஆள் நாளைக்கு வருவாங்க ஐயா" என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள்.

மருந்துக்கடை மதியத்துக்கு அடைத்திருந்தது. மாடி வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருந்ததால் வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூன்றேகாலுக்கு எனக்குப் போன் வந்தது.

"அம்மா, கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு."

எனக்கு ரவுட்டர் தெரியாது. ஆனால் என் போன் டேட்டாவை இன்னொன்றுக்குக் கொடுக்கத் தெரியும், மகள் சொல்லித் தந்திருந்தாள். "இருங்கண்ணே, நாப்பது நிமிஷத்துல வந்துடறேன். அண்ணிக்குத் தலை வாரி விட்டு உட்கார வைங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடித்தேன்.

பேருந்து ரயில்வே கேட்டில் நின்றது. ஒரு சரக்கு வண்டி போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்த்திசையில் இன்னொன்று வந்து பாதியில் நின்றுகொண்டது. இறங்கி நடக்கலாம் என்றால் வண்டி குறுக்கே கிடக்கிறது. ஆட்டோ பிடித்தாலும் அதே கேட்தான். அண்ணனிடமிருந்து போன் வந்தபடியே இருந்தது. நான்கு மணி. நான்கு பத்து. நான்கு இருபதுக்கு மேல் அவர் கூப்பிடவில்லை. ஓட்டுநரிடம் நான் கத்தினேன். அந்த ஆள் என்ன செய்வார், பாவம். சரக்கு வண்டியிடம் கத்த முடியாததால் அவரிடம் கத்தினேன்.

நான் படியேறும்போது நான்கு நாற்பத்தைந்து. அண்ணி தலை வாரி, வெளுத்த புடவை கட்டி, மேசைமேல் இருந்த டேப்லெட்டின் முன்னால் நேராக உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் நாலு பச்சை விளக்கும் ஒழுங்காக எரிந்தன. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் ஒரு கையில் ஊசியும் மறு கையில் போனுமாக நின்றார். கட்டிலடியிலிருந்து இழுத்துப்போட்ட தாள்கள் அறை முழுக்கக் கிடந்தன.

நிலையத்துக்குத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ரெண்டு வகுப்பு ஆயிடுச்சுங்க ஐயா. சிஸ்டமே பேரை எடுத்துடும்."

"தப்பு என்னுதும்மா. அவ மூணரை மணிலேர்ந்து உட்கார்ந்திருக்கா. இந்த ஒரு தடவை மட்டும் ஒரு விலக்கு குடுங்க." முப்பத்தொரு வருடம் கொடுத்தே பழகியவர். அந்தச் சொல்லைக் கேட்டு வாங்க அவருக்குத் தெரியவில்லை, வாய் குழறியது.

"விலக்கா? உங்க பேரைத்தான் பட்டியல்லேர்ந்து விலக்கியாச்சே ஐயா. மறுபடி பதிவு பண்ணுங்க, எட்டு, பத்து மாசத்துல கூப்பிடுவாங்க."

அண்ணன் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே தாள்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம், என்மேல் கோபம், அந்தச் சொல்மேல் கோபம்.

அப்போதுதான் அண்ணி டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுத்தார். அண்ணனையே பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு கோணிற்று, உள்ளே எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு மூச்சு வாங்கினார்.

"வி... டு."

தெளிவாகத்தான் வந்தது. வழக்கமான 'ங்க'வுக்கு மட்டும் அவரிடம் மூச்சு மிச்சமில்லை.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாம்மா? மரியாதை இல்லாம சொல்றா பாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உடனே நிலையத்துக்கு மறுபடி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டார். மூன்றாவது தடவை போனைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் கிடந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"எழுதிக்கம்மா. வெள்ளிக்கிழமை, நாலு அம்பத்தஞ்சு. ஒரு சொல்."

எழுதினேன். "யாருக்குண்ணே அனுப்பணும்?" என்று அலுவலகப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அவர் நான் எழுதியதை வாங்கி, இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை சரிபார்த்தார்.