பக்கத்து வீட்டுக்காரி போட்ட வாய்க்கரிசி

1958, மாசி மாதம். விழுப்புரத்தில் காலை ஆறரை மணி பஸ். புதுச்சேரிக்கு இருபத்தைந்து மைல், எழுபத்தைந்து நயா பைசா. மதகடிப்பட்டில் வண்டி நிற்கவே இல்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் மூட்டை முடிச்சை உதறிப் பார்த்த எல்லை அது.

"இப்ப உதற என்னா இருக்கு? மில்லு மூடி எங்களையே உதறிட்டாங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். ஊர் வருமுன்பே ஊர்ச் சேதி வந்துவிட்டது.

எட்டு மணிக்கு இறங்கினேன். என் சகலை ரத்தினம் வீட்டில் இல்லை. ஓர் ஆஸ்பத்திரி வாசலில் கைவண்டியோடு நின்றார். மில்லில் தறி ஓட்டியவர். இப்போது கேட்பாரற்ற பிணங்களை ஓர் ஏஜெண்டுக்காகச் சவுக்குத் தோப்புக்குத் தள்ளிப் போகிறார். அங்கே சதை நீக்கி, எலும்பைக் கழுவி, கம்பியில் கோத்துக் கப்பலேற்றுவார்களாம், வெளிநாட்டில் டாக்டருக்குப் படிப்பவர்களுக்கு.

"யானைதான் செத்தாலும் ஆயிரம் பொன்னுன்னு நெனச்சிருந்தேன் சகலை" என்று சிரித்தார். "மில்லுக்காரன் செத்தாத்தான் பொன்னு. இருந்தா காக்காசு பெறமாட்டான்."

சிரிப்பு முகத்தோடு நின்றுவிட்டது. அன்றைக்கு வண்டியில் பாய் சுற்றிக் கிடந்தவர் ஏழுமலை, மில்லில் ரத்தினத்துக்குப் பக்கத்துத் தறிக்காரர். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏழுமலையின் மனைவி அஞ்சலை உட்கார்ந்திருந்தாள்.

"யாருமில்லாதவன்னா கட்டிலும் கஞ்சியும் சும்மான்னாங்க. அதான் அநாதைன்னு சேத்தோம். பாக்க வரப்பல்லாம் பக்கத்து வீட்டுக்காரின்னுதான் சொன்னேன்."

"நேத்து வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரி, இன்னைக்கிப் பொண்டாட்டியா?" என்றான் காவலாளி. "நாளைக்கி யாரும்மா?"

வாசலில் கணக்கு நோட்டோடு நின்ற ஏஜெண்டு நல்ல மனிதர் போலத்தான் பேசினார். "ஒரு சாட்சி சொல்லட்டும், தூக்கிட்டுப் போ."

அஞ்சலை ரத்தினத்தைப் பார்த்தாள். "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க கல்யாணத்துல பந்தி பரிமாறுனவரு நீங்க."

ஏஜெண்டு தலை நிமிராமல் கேட்டார்: "ரத்தினம், நீ வண்டி தள்ள வந்தியா, சாட்சி சொல்ல வந்தியா?"

ரத்தினம் தன் காலைப் பார்த்தார். "எனக்கு நாலு புள்ளைங்க முசியே" என்றார், பிரெஞ்சுக்காரனை 'ஐயா' என்ற அதே சொல்லில். பிறகு வண்டியைத் தூக்கிப் பிடித்தார்.

தெருமுனை திரும்பியதும் நிறுத்தினார். அஞ்சலை பின்னாலேயே வந்திருந்தாள்.

"தங்கச்சி, அரிசி வச்சிருக்கியா? சீக்கிரம்."

முந்தானை முடிச்சில் இருந்தது. முகத்தருகே பாயை அவரே விலக்கினார்.

"பக்கத்து வீட்டுக்காரி வந்திருக்கேன்யா" என்றாள் அவள். "வாயத் தொற."

எங்கள் ஊரில் எந்தப் பஞ்சத்திலும் பிணத்துக்குத் தோள் கொடுக்க நாலு பேர் தேடவேண்டியதில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு; ரத்தினத்திடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். சவுக்குத் தோப்பு மணலில் சக்கரம் புதைந்தபோது, பின்னாலிருந்து நானும் தள்ளினேன்.

ரத்தினம் திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஊர்ல ரெண்டு பேரு போதும் சகலை."